பிஸ்கட் டப்பாவில் ஒரு சைலன்சர்

இங்கிலாந்தின் ஹாம்ஷயரில் வீடு வாங்கிய புதிது. பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன ஷெட்டை ஒழித்துக்கொண்டிருந்தேன். ஆணியும் துருப்பிடித்த ஸ்பேனரும் கிடந்த பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு கறுப்புக் குழாய். ஒரு சாண் நீளம், ஒரு முனையில் மரை. உள்ளே எட்டிப் பார்த்தால் வளையம் வளையமாகத் தகடுகள், ஓரமெல்லாம் கரி.

பக்கத்து வீட்டுப் பெரியவர் முயல் சுடப் போகிறவர். அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "துப்பாக்கிச் சைலன்சர். என் துப்பாக்கிச் சான்றிதழில் இது கிடையாது, நான் தொடமாட்டேன்" என்றார்.

சிரிப்புதான் வந்தது. அப்புறம் படித்துப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, சுடும் சத்தத்தையோ தீப்பளிச்சையோ குறைப்பதற்கென்று செய்த சாமானையும் 'துப்பாக்கி' என்றே கணக்கில் சேர்க்கிறது. விசை இல்லை, தோட்டா இல்லை, ஆனாலும் துப்பாக்கி! சான்றிதழ் இல்லாமல் வைத்திருந்தால் 1ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை.

இதில் கூத்து என்னவென்றால், காற்றழுத்தத்தால் சுடும் சாதாரண ஏர் ரைபிளுக்கான சைலன்சருக்குச் சான்றிதழே வேண்டாம். அதற்கும் வெடிமருந்தால் சுடும் சின்ன ரக .22 ரைபிளுக்கும் பெரும்பாலும் அதே அரை அங்குல மரைதான். பெரியவரை மிரட்டியது அந்தக் கரி. ஏர் ரைபிளில் ஏது வெடிமருந்து?

"எனக்குத் தெரியாதே" என்று சொல்லித் தப்பலாம் என்று நினைத்தேன். அதுவும் எடுபடாது போல. 1981இல் ஹுசைன் என்பவர் வழக்கில், கையிலிருந்த, தோட்டா சுடக்கூடிய உலோகக் குழாயை மகனின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்ததாகச் சொன்னார், நீதிமன்றம் கேட்கவில்லை. 2007இல் இருவர், அதே சட்டத்துக்குள் வரும் மின்னதிர்ச்சிக் கருவியை டார்ச் லைட் என்றே நம்பினோம் என்றார்கள். அவர்களுக்கும் அதே கதி. துப்பாக்கி விஷயத்தில் கடுமை வேண்டும்தான், ஆனால் ஷெட் ஒழிக்கிறவனுக்கும் இதே அளவுகோலா என்று எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

சரி, அவசரமில்லாத விஷயங்களுக்கான போலீஸ் எண் 101க்கு போன் செய்தேன். "நீங்களாக எடுத்துக்கொண்டு வராதீர்கள், இருந்த இடத்திலேயே வையுங்கள்" என்றார்கள். மாலையில் இரண்டு பேர் வந்து எங்கே, எப்போது கிடைத்தது என்று எழுதிக்கொண்டு, குழாயைப் பையில் போட்டு எடுத்துப்போனார்கள். வழக்கு எதுவும் வரவில்லை. பெரியவர் மட்டும் அன்று முழுக்கத் தன் ஜன்னல் திரையை விலக்கவே இல்லை.