பெயர் கேட்காமல் முறைசாரா உறவுகளை ஆராய முடியுமா?

கேள்வி
40 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் யார் யாரிடம் ஆலோசனை கேட்கிறார்கள், யாரை நம்புகிறார்கள் என்று வலையமைப்பாக வரைய வேண்டும். முனைவர் பட்ட ஆய்வு. பெயர் எழுதாத கேள்வித்தாள் கொடுத்தால்தான் மனம் திறந்து பதில் வரும் என்கிறார் நெறியாளர். சரிவருமா? எத்தனை பேர் பதில் தந்தால் போதும்?

பதில் 1
சரிவராது. யார் யாரைக் குறித்தார் என்பதுதான் இங்கே தரவே. பெயர் போனால் கோடு போக இடமில்லை. அதனால் "பெயர் தெரியாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், பொய்யாகிவிடும். "பெயர் என்னைத் தாண்டிப் போகாது" என்று சொல்லுங்கள். ஆளுக்கொரு எண் கொடுத்து, எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலைத் தரவுக் கோப்போடு வைக்காமல் தனியே பூட்டி வையுங்கள்.

"உங்களுக்கு நெருக்கமானவர் யார்?" என்று கேட்காதீர்கள். நெருக்கம் என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு பொருள். "கடந்த ஒரு மாதத்தில் வேலையில் சிக்கல் வந்தபோது யாரிடம் போய் வழி கேட்டீர்கள்?" என்று செயலைக் கேளுங்கள். நம்பிக்கைக்குத் தனிக் கேள்வி. ஐந்து கோடு போட்டு எழுதச் சொன்னால் ஐந்து பெயரோடு நின்றுவிடுவார்கள். 40 பேருக்கு முழுப் பெயர்ப்பட்டியல் தந்து டிக் போடச் சொல்வதே மேல். கடைசிப் பெயர்களுக்கு வரும்போது கை சலித்துவிடும், ஆகவே தாளுக்குத் தாள் வரிசையை மாற்றுங்கள்.

பதில் 2
ஒரு திருத்தம்: "கடந்த ஒரு மாதத்தில்" வேண்டாம், "வழக்கமாக" என்று கேளுங்கள். யாரோடு பேசினோம் என்று மக்கள் சொல்வதும் உண்மையில் பேசியதும் ஒத்துப்போவதில்லை என்று பெர்னார்ட், கில்வர்த் என்ற வலையமைப்பு ஆய்வாளர்களின் குழு காட்டியது. தனித்தனி நிகழ்வுகள் நினைவில் நழுவும். நீண்டகாலப் பழக்கம் அவ்வளவு எளிதில் நழுவாது.

எத்தனை பேர் என்பதற்குக் கணக்குப் போட்டே பாருங்கள். 40 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் மொத்தம் 780 இணைகள். 32 பேர் பதில் தந்தால், கேட்க 80 சதவீதம் என்று நன்றாக இருக்கும். ஆனால் இரு பக்கமும் தெரிந்த இணைகள் 496 மட்டுமே, அதாவது 64 சதவீதம். 256 இணைகளில் ஒரு பக்கப் பேச்சுதான் கிடைக்கும், 28 முழு இருட்டு. அந்த 256-ஐ, "அவர் இவரைக் குறித்தார், ஆகவே இவரும் அவரைக் குறித்திருப்பார்" என்று நிரப்பிவிடாதீர்கள். ஆலோசனை பெரும்பாலும் ஒருவழிப் பாதை. இதைவிட மோசம், விடுபடுபவர் யார் என்பது. இரண்டு பிரிவுகளை இணைக்கும் ஒரே ஆள் பதில் தராவிட்டால், அவர் வழியாகப் போகும் பாதைகள் பாதி மறைந்து, பிரிவுகளுக்கிடையே பேச்சே இல்லாததுபோல் படம் வரும். மற்றவர்களை இணைக்கும் பாதைகளில் ஒருவர் எவ்வளவு அடிக்கடி நடுவில் வருகிறார் என்று காட்டும் இடைமை அளவீட்டைத்தான் (betweenness) இது முதலில் கெடுக்கும். எனவே 36-க்குக் குறையாமல் பாருங்கள், விடுபட்ட நால்வர் எந்தப் பிரிவினர் என்றும் எழுதுங்கள்.

பதில் 3
கேள்வித்தாளோடு நிற்காதீர்கள், உட்கார்ந்து பாருங்கள். அமெரிக்காவில் சிகாகோ அருகே இருந்த ஹாத்தார்ன் ஆலையில் 1931 நவம்பர் முதல் 1932 மே வரை 14 தொழிலாளர்கள் இருந்த அறையில் ஒரு நோக்கர் கூடவே இருந்தார். அறைக்குள் இரண்டு குழுக்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு வேலைதான் என்று தங்களுக்குள் ஓர் அளவு. மீறினால் புஜத்தில் ஒரு குத்து. அந்தக் குத்து எந்தக் கேள்வித்தாளிலும் விழுந்திருக்காது.

நிர்வாகம் கட்டாயம் பெயரோடு படம் கேட்கும். தர மாட்டோம் என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பெயரை அழித்தாலும், மூன்று பேர் உள்ள பிரிவில் ஆளை அடையாளம் காண ஒரு நிமிடம் போதும். சிறிய பிரிவுகளைச் சேர்த்து, பிரிவுவாரித் தொகை மட்டும் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி. ஒருவர் பங்கேற்க மறுக்கிறார், ஆனால் மற்றவர்கள் அவரை டிக் செய்கிறார்கள். என்ன செய்வது?

பதில் 3
பெயர்ப்பட்டியல் அச்சிடும் முன்பே அவரை எடுத்துவிடுங்கள். பிறகு மறுத்தால், யார் யாரைக் குறித்தார் என்று பதியும் கட்ட அட்டவணையில் (அணி, matrix) அவருடைய வரிசை, நெடுவரிசை இரண்டையும் நீக்குங்கள். மூவர் மறுத்தால் உங்கள் வலையமைப்பு 37 பேருக்கு, திசையோடு எண்ணினால் இருக்கக்கூடிய 1332 தொடர்புகளுக்கு. அந்த எண்ணை அப்படியே ஆய்வேட்டில் எழுதுங்கள்.