டேப் 'பயஸ்': சார்பா, உடனூட்டமா?

வணக்கம்.

நாம் தமிழில் எழுதும் கேசட் டெக் கையேட்டில் 'பயஸ்' (bias, பதிவின்போது பாட்டோடு சேர்த்து ஹெட்டுக்கு அனுப்பும் கூடுதல் மின்னோட்டம்) வரும் இடங்களில் பாடநூலில் உள்ள 'சார்பு' என்ற சொல்லையே வைத்துவிடலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். முன்னோக்குச் சார்பு, பின்னோக்குச் சார்பு என்று டயோடு பாடம் படித்தவர்களுக்கு அது பழகிய சொல்தான். ஆனால் டேப்பில் நடக்கும் வேலை வேறு. நான் 'உடனூட்டம்' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் பழைய டூ-இன்-ஒன்களைப் பிரித்து, மோட்டாரும் ஹெட்டும் நன்றாக இருக்கும் மெக்கானிசத்தை எடுத்து, பிசினாகிப் போன பெல்ட்டை மாற்றிப் புது மின்சுற்று கட்டுகிறோம். ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், படுகர் பாட்டு கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றுவதற்கு ஒலிக்கும் சுற்று போதும். ஆனால் கேசட் பிளேயர் மட்டுமே வைத்திருக்கும் பெரியவர்கள் தங்களுக்கும் கேசட்டில் ஒரு நகல் கேட்கிறார்கள். அதற்குப் பதிவுச் சுற்று வேண்டும். கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் தடுமாறுவதும் அங்கேதான்.

டேப்பில் உள்ள காந்தத் துகள்கள் சிறிய காந்தப்புலத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை. பாட்டை அப்படியே ஹெட்டுக்கு அனுப்பினால் மெல்லிய ஒலிகள் சிதைந்துதான் பதிவாகும். அதனால் காதுக்கு எட்டாத ஓர் அலையை, பெரும்பாலும் 50 முதல் 100 கிலோஹெர்ட்ஸுக்குள், பாட்டோடு கூட்டி அனுப்புகிறோம். இதுதான் டேப்பின் பயஸ். துருப்பிடித்த தாழ்ப்பாளை ஆட்டி ஆட்டித் திறப்பது போல அது துகள்களை இளக்கிவிடுகிறது. 1940-இல் ஜெர்மனியில் பிரவுன்மூலும் வெபரும் இந்த முறையைக் கொண்டுவந்த பிறகுதான் டேப் ஒலி உண்மையிலேயே தெளிந்தது.

பயஸுக்குத் 'துணை ஊர்தி அலை' (ஊர்தி அலை என்பது carrier) என்று பெயர் வைக்கும் யோசனையை நான் ஏற்க மாட்டேன். வானொலியில் ஊர்தி அலையின் வீச்சையோ அதிர்வெண்ணையோ பாட்டு மாற்றுகிறது. கேட்கும் முனையில் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். இங்கே நடப்பது வெறும் கூட்டல். ஒலிக்கும்போது பிரித்தெடுக்க எதுவுமே இல்லை. பெயரை நம்பி ஒரு பிள்ளை பிளேயர் சுற்றில் பண்பிறக்கி (ஊர்தி அலையிலிருந்து பாட்டைப் பிரிக்கும் பகுதி) தேடினால் அது நம் தவறு.

ஃபீட்பேக் என்பதற்குப் 'பின்னூட்டம்' ஏற்கெனவே வேரூன்றிய சொல். அதே ஊட்டத்தோடு 'உடன்' சேர்கிறது. 'உடனடி' என்று குழம்பாதா என்ற கேள்வி வரும். உடன்பிறப்பு, உடன்படிக்கை என்று சொல்லும் நமக்குக் குழம்பாது. கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன: உடனூட்ட அலையியற்றி, அந்த அலை பெருக்கிக்குள் திரும்பாமல் நிறுத்தும் உடனூட்டத் தடுப்பி. மலிவான ரெக்கார்டர்களில் பெரும்பாலும் இருப்பது அலைக்குப் பதில் நேர்திசை மின்னோட்டம் (DC) தரும் நேர்திசை உடனூட்டம், இரைச்சல் கூடுதல்.

அளவைச் சரிசெய்யும் சிறு திருகான பிரீசெட்டைப் பற்றிய வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "உடனூட்டம் குறைந்தால் ஒலி கரகரக்கும், கூடினால் கீச்சொலிகள் மங்கும். பிரீசெட்டை மெல்லத் திருப்பி இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள்." வாய்விட்டுப் படித்தாலும் இடறவில்லை. 'சார்பு குறைந்தால்' என்று தொடங்கினால் எதைச் சார்ந்தது என்ற கேள்வி முதலில் வந்து நிற்கிறது.

ஒலியின் கீச்சு, கனம் ஆகியவற்றின் அளவைச் சரிப்படுத்தும் ஈக்வலைசேஷனுக்குச் 'சமனாக்கம்' போதும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம் என்று நினைக்கிறேன். சாதாரண டேப்புக்கு 120 மைக்ரோ வினாடி, குரோம் டேப்புக்கு 70 என்ற சமனாக்க நேர மாறிலி அட்டவணையை அந்தத் தலைப்பிலேயே போட்டுவிடலாம். உடனூட்டத்தில் மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். வேறு சொல் தருகிறவர்கள், அதை மேலே உள்ள பிரீசெட் வாக்கியத்தில் பொருத்தி அனுப்பினால் ஒப்பிட வசதியாக இருக்கும்.