12 போர் துவக்குக்குப் பிளாஸ்டிக் பிடங்கு: நின்று பிடிக்குமா, காசுக்குப் பெறுமதியா?

வட்டைக்காவல் (அக்கரைப்பற்று):

பயிர்க்காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு உள்ள ஒற்றைக்குழல் 12 போர் துவக்கு. குழல், பூட்டு, விசை எல்லாம் சரி. மரப் பிடங்கின் கழுத்தில்தான் கோளாறு. மேல் இரும்பு வால் முடிகிற இடத்தில் தொடங்கி, பின்பக்கமாக ஒரு மயிரிழை வெடிப்பு ஓடுகிறது. நீளம் ஏறத்தாழ 4 செ.மீ. கையால் முறுக்கினால் சாடையாகத் திறந்து மூடும்.

புது மரப் பிடங்கு செதுக்குவிப்பதா, பிளாஸ்டிக் பிடங்கு தேடுவதா என்று யோசனை. மாரியில் பரணில் நனையும், கச்சான் காலத்தில் வாடிக்குள் வேகும். பிளாஸ்டிக் இதைத் தாங்குமா? அமெரிக்காவில் ஏஆர்-15 ரைபிளின் கீழ்ப்பெட்டியையே பொலிமரில் (பலமான பிளாஸ்டிக்கில்) வார்த்து விற்கிறார்கள். அதைப் பற்றி ஒரு சாரார் 'உடையும்' என்கிறார்கள், இன்னொரு சாரார் 'அலுமினியத்துக்குச் சமம்' என்கிறார்கள். எது சரி? சொட்கனுக்கும் அந்தக் கணக்குப் பொருந்துமா?

பட்டறைமேசை (கல்முனை):

இரண்டு சாராரும் சரிதான், வேறு வேறு இடத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

ஏஆர்-15இல் வெடியின் அழுத்தம் கீழ்ப்பெட்டிக்கு வருவதே இல்லை. போல்ட்டின் (தோட்டாவுக்குப் பின்னால் குழலை அடைக்கிற கட்டையின்) பற்கள் குழலின் பின் நீட்சியில்தான் பூட்டிக்கொள்கின்றன. கீழ்ப்பெட்டியின் வேலை விசைத்தொகுதியையும் தோட்டாக்கூட்டையும் பிடித்து வைப்பது. அந்த அளவுக்குப் பொலிமர் தாராளமாகப் போதும். பெரும்பாலும் உடைகிற இடம் ஒன்றுதான்: பின்னால் பஃபர் குழாய் (பிடங்கைத் தாங்குகிற, உள்ளே சுருள்வில் உள்ள குழாய்) திருகி ஏறுகிற வளையம். துவக்கு பிடங்கு நிலத்தில் குத்த விழுந்தாலும், பிடங்கை நெம்புகோலாக்கி யாராவது முறுக்கினாலும், அவ்வளவு விசையும் அந்த மெல்லிய வளையத்தில் வந்து நிற்கும். 7075-டி6 அலுமினிய வளையம் அதைத் தாங்கிக்கொள்ளும். அதே தடிப்பில் வார்த்த நைலோன் வளையம் வெடிக்கும். அலுமினியத்தின் வடிவத்தை அப்படியே நகலெடுத்துப் பொலிமரில் வார்த்தவர்கள் அடிவாங்கியது இதனால்தான். வளையத்தைத் தடிப்பாக்கியவர்களும், உள்ளே உலோகம் வைத்து வார்த்தவர்களும் தப்பினார்கள். சிஏவி-15, கேபி-15 போன்ற பொலிமர் கீழ்ப்பெட்டிகளில் பிடங்கும் பெட்டியும் ஒரே வார்ப்பு. வளையம் என்ற பலவீனமே அங்கே இல்லை.

பழைய சான்றும் உண்டு. ரெமிங்டன் 1959இல் நைலோன் 66 என்ற .22 ரைபிளை நைலோன் உடலோடு இறக்கியது. பெருவாரியாக விற்றது, இன்றும் பல ஓடுகின்றன. ஆனால் .22இன் உதை சின்னது. கிளொக் பிஸ்டலில் சட்டம் (கைப்பிடியோடு சேர்ந்த உடல்) பொலிமர்தான், ஆனால் சிலைடு (மேலே முன்பின் ஓடுகிற பாகம்) ஓடுகிற தண்டவாளம் வார்ப்புக்குள் பதித்த உருக்கு.

உங்கள் துவக்குக்கு இதிலிருந்து எடுக்க வேண்டியது இதுதான்: இரும்பு பிடங்கோடு சேர்கிற இடத்தைப் பாருங்கள். 12 போரில் அந்த இடம் பிடங்கின் தலை. உதை முழுவதும் பூட்டின் பின்முகத்தால் அங்கேதான் இறங்கும். மரமானாலும் நைலோனானாலும், அங்கே இடைவெளி இருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு பின்னால் பாய்ந்து சுத்தியலாக அடிக்கும். உங்கள் வெடிப்பு வாலின் நுனியில் தொடங்குவதைப் பார்த்தால் நடந்தது அதுதான். மாரியில் மரம் ஊதும்போது, பிடங்கை இரும்போடு பிடித்து வைக்கிற போல்ட் இறுக்கமாகத் தெரியும். கச்சான் வீசி மரம் சுருங்கியதும் அதே போல்ட் தளரும். ஆண்டுக்கு இரண்டு தரம் இறுக்கிப் பார்க்காத துவக்கெல்லாம் இப்படித்தான் பிளக்கும்.

பிளாஸ்டிக் பிடங்கு வாங்குவதென்றால் என்ன பிளாஸ்டிக் என்று முதலில் பாருங்கள். பின் இறப்பரைக் கழற்றினால் உள்ளே அச்சடித்திருக்கும். பிஏ6 அல்லது பிஏ66, கூடவே ஜிஎஃப்30 என்றிருந்தால் 30 வீதம் கண்ணாடி நார் சேர்ந்த நைலோன், எடுக்கலாம். ஏபிஎஸ் (இன்னொரு வகைப் பிளாஸ்டிக்) என்றிருந்தால் வாங்காமல் வைத்துவிடுங்கள். எழுத்தே இல்லையென்றால் உட்புறத்தில் ஒரு சின்னச் சீவல் எடுத்துச் செறிவான உப்புத் தண்ணீரில் போடுங்கள் (ஒரு லீற்றருக்கு 360 கிராம் உப்பு, இனிக் கரையாது என்கிற அளவு). ஏபிஎஸ், பொலிபுரொப்பிலீன், கண்ணாடி சேராத நைலோன் மூன்றும் மிதக்கும். கண்ணாடி நார் நைலோன் தாழும். சீவலில் காற்றுக் குமிழி ஒட்டாமல் விரலால் அமுக்கி விடுங்கள், இல்லையென்றால் சோதனை பொய் சொல்லும்.

வாடி_நானா (சம்மாந்துறை):

பட்டறைமேசை சொன்னதில் பிழையில்லை, ஆனால் தம்பி இன்னும் மரத்தைக் கைவிடத் தேவையில்லை. 4 செ.மீ. மயிரிழை வெடிப்பு திருத்தக்கூடியது. ஒற்றைக்குழலுக்கு அளவான பிளாஸ்டிக் பிடங்கு கிடைப்பதே அபூர்வம். சந்தையில் உள்ளவை பெரும்பாலும் பம்ப் துவக்குகளுக்கானவை. அவற்றைச் செதுக்கிப் பொருத்தப் போனால் உள்ளே பொள்ளல், சுவர் மெல்லிசாகி வெடிக்கும்.

முதலில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, குழலைக் கழற்றி அப்பால் வையுங்கள். பின் இறப்பரை எடுத்தால் ஆழத்தில் போல்ட் தலை தெரியும். 30 செ.மீ. நீளத் திருப்புளி வேண்டும். சில பழைய துவக்குகளில் நீள போல்ட் இருக்காது, மேல் வாலிலிருந்து கீழ்த்தகட்டுக்கு ஒரு திருகாணி மட்டும்தான்.

தலைப்பக்க மரம் கறுத்திருந்தால் எண்ணெய் ஊறியிருக்கிறது. குழல் மேலே பார்க்கச் சாத்தி வைத்தால் பூட்டுக்குப் போட்ட எண்ணெய் எல்லாம் வடிந்து அங்கேதான் சேரும், மரம் பஞ்சாகும். அசற்றோனில் சுண்ணாம்புக்கட்டித் தூளைக் களியாக்கிப் பூசி, காய்ந்ததும் தட்டிவிடுங்கள். தூள் மஞ்சளாகாமல் வெள்ளையாகவே வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டுப் பசை போட்டால் ஒட்டாது. தேக்கு என்றால் எண்ணெய் ஊறாவிட்டாலும் அசற்றோனால் துடைத்தே ஆகவேண்டும், அந்த மரத்திலேயே எண்ணெய் உண்டு.

பிறகு 24 மணித்தியாலத்தில் இறுகுகிற எபொக்சி (இரண்டு பகுதியைக் கலந்து போடுகிற பசை). 5 நிமிடத்தில் இறுகுவது வேண்டாம், அது வெடிப்பின் அடிவரை இறங்குமுன் கட்டியாகிவிடும். கலந்த பசையை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் சற்றுச் சூடாக்கினால் தண்ணீராக ஓடும். வெடிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடி உள்ளே ஊட்டி, சைக்கிள் ரியூப் கீற்றால் இறுகச் சுற்றி ஒரு நாள் விடுங்கள். காய்ந்தபின் வெடிப்புக்குக் குறுக்காக 3 மி.மீ. துளையிட்டுப் புரியுள்ள பித்தளைக் கம்பியை எபொக்சியோடு இறக்கினால் திரும்பவும் பிளக்காது.

கடைசி வேலைதான் முக்கியம்: வாலின் நுனிக்கும் மரத்துக்கும் இடையில் அரை மி.மீ. இடைவெளி செதுக்கி விடுங்கள். இரும்பு பின்முகத்தில் மட்டும் உட்கார வேண்டும், வால் ஆப்பாக நுழையக்கூடாது. பின்முகம் முழுதாகப் பதியாவிட்டால், இரும்புக்குச் சப்பாத்து மெழுகு தடவி, மரத்துக்கு எபொக்சி பூசி, பொருத்தி அச்செடுங்கள். மெழுகு மறந்தால் பூட்டும் மரமும் ஒன்றாகிவிடும், அதற்கு மருந்தில்லை.

வட்டைக்காவல்:

நன்றி நானா. தலைப்பக்கம் கறுப்புத்தான். நீள போல்ட் இருக்கிறது, கால் சுற்றுக்கு மேல் தளர்ந்திருந்தது. பட்டறைமேசை அண்ணன், நல்ல கண்ணாடி நார் நைலோன் கிடைத்தால் தண்ணீர், வெயில், இறுக்கம் இதில் எதற்குக் கவனம் எடுக்க வேண்டும்?

பட்டறைமேசை (கல்முனை):

தண்ணீருக்குப் பயமில்லை. நைலோன் தண்ணீர் உறிஞ்சும்தான், ஆனால் உறிஞ்சியபின் விறைப்புக் குறைந்து அடிதாங்கும் தன்மை கூடும். காய்ந்து கிடக்கும்போதுதான் மொறுமொறுப்பு. வெயிலுக்குக் கறுப்பு நிறமே மேல், கலந்த கரித்தூள் புற ஊதாக்கதிரை உள்ளே விடாது. பச்சை, மண்ணிறம் எல்லாம் காலப்போக்கில் மேலே வெண்தூள் பூக்கும்.

இறுக்கம்தான் உண்மையான தலையிடி. பிளாஸ்டிக் போல்ட் தலைக்குக் கீழே மெல்ல மெல்ல அமிழும், வெயிலில் இன்னும் கூட. இறுக்கிய போல்ட் தானாகத் தளர்ந்ததாகத் தெரிவது இதனால். அகலமான உருக்கு வாசர் ஒன்றும் அதன்மேல் ஸ்பிரிங் வாசரும் போடுங்கள். முதல் பத்துப் பதினைந்து வெடிக்குப் பிறகு ஒருதரம் இறுக்குங்கள். ஏபிஎஸ் சாமானென்றால் திருகாணிக்குப் போடும் பூட்டுப் பசை பக்கமே போகாதீர்கள், பட்ட இடத்தில் வெடிக்கும். நுளம்பெண்ணெய்க் கையும் அதற்கு ஆகாது. நைலோனுக்கு அவ்விரண்டும் பெரிதாகச் செய்யாது. அதற்கு எதிரி பற்றரி அசிட். மின்வேலிப் பற்றரி வைக்கிற மூலையில் துவக்கைச் சாத்தாதீர்கள்.

உதையும் கூடும். 3.2 கிலோ துவக்கு 2.9 ஆனால் தோளில் இறங்கும் சக்தி பத்து வீதம் அதிகம். பெறுமதி என்று கேட்டால், உங்கள் துவக்குக்கென்றே வார்த்த நைலோன் பிடங்கு மலிவாக வந்தால் எடுங்கள். பம்ப் துவக்கினதை வாங்கி வெட்டி ஒட்டுவதென்றால் அது காசைக் களப்பில் போடுகிற வேலை. உடைந்த மரம் ஒட்டும், உடைந்த நைலோன் ஒட்டாது.

எல்லைவட்டை (திருக்கோவில்):

ஒரு விடயம் இருவரும் விட்டுவிட்டீர்கள். பிடங்கை மாற்றுமுன் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கிற இடத்தில் எழுத்தில் கேட்டு வையுங்கள். இலக்கம் இரும்பில்தான் இருக்கிறது என்றாலும், விபரத்தில் மரப் பிடங்கு என்று எழுதியிருந்தால் சோதனைச் சாவடியில் வீண் விளக்கம். பிடங்கைக் குறுக்குவது, கைப்பிடி மட்டும் வைப்பது எதுவும் வேண்டாம். விசையிலிருந்து பின் இறப்பர்வரை 36 செ.மீ. அளவில் வையுங்கள். மரத்தை ஒட்டினாலும் சரி, நைலோன் போட்டாலும் சரி, இனிமேல் குழல் கீழே பார்க்கச் சாத்துங்கள்.

வட்டைக்காவல்:

சரி, மரத்தையே ஒட்டுகிறேன். எண்ணெய் எடுக்கிற வேலை இன்றைக்கே தொடக்கம். அசற்றோன் களி எத்தனை தரம் போட்டும் மஞ்சள் நிற்காவிட்டால்?

வாடி_நானா (சம்மாந்துறை):

ஒவ்வொரு தரத்துக்கும் இடையில் தலைப்பக்கத்தை வெயிலில் வையுங்கள், சூட்டில் எண்ணெய் மேலே கசியும். அசற்றோன் ஈரம் இருக்கும்போது அடுப்பங்கரைப் பக்கம் போக வேண்டாம். நகத்தால் அழுத்தினால் மரம் உள்ளே பதிகிறதென்றால் அந்த இடம் செத்துவிட்டது. அந்தளவைச் செதுக்கி எறிந்து, எபொக்சியில் மரத்தூள் கலந்து நிரப்புங்கள். 1 செ.மீ. ஆழத்துக்கு மேல் பதிந்தால் ஒட்டி மினக்கெடாமல் புதுப் பிடங்கு செதுக்குவியுங்கள். காய்ந்த தேக்கு எடுங்கள், கழுத்தில் நார் நேராக ஓடுகிற பலகையாகப் பார்த்து. முதிரை பலம்தான், ஆனால் பாரம்.