சின்ன ஹோட்டல் ஸ்டாஃபுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ்: அந்த டாக்ஸ் கிரெடிட் நிஜமாவே கைக்கு வருமா?

டல்லஸ்_டிபன்:
எல்லாருக்கும் வணக்கம். டெக்சாஸ்ல சின்னதா ஒரு டிபன் கடை நடத்துறோம். ஃபுல் டைம் 6 பேர் (அதுல ஒருத்தர் என் மச்சான்), பார்ட் டைம் 6 பேர், வாரத்துக்கு 20 மணி நேரம் வர்றவங்க. 50 பேருக்குக் கீழன்னா இன்சூரன்ஸ் குடுக்கறது கட்டாயம் இல்லன்னு தெரியும், ஆனா எங்க தோசை மாஸ்டர் நெஞ்சுவலின்னு எமர்ஜென்சிக்குப் போயிட்டு வந்தவரு, அந்த பில்லைப் பாத்த பயத்துல மறுபடி டாக்டர்கிட்டயே போக மாட்டேங்கறாரு, அது எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுக்குது. பிரீமியம்ல பாதி டாக்ஸ் கிரெடிட்டா (கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கறது) வரும்னு சொல்றாங்களே, அது இன்னும் இருக்கா? எங்களுக்குக் கிடைக்குமா?

கணக்குப்புள்ள:
இருக்கு தம்பி. 2010ல வந்த ஒபாமாகேர் சட்டத்துல உள்ளது, முதல்ல 35% இருந்துச்சு, 2014ல இருந்து அதிகபட்சம் 50%. 25 பேருக்குக் கீழ இருக்கணும், ஆனா தலையை எண்ணக்கூடாது, வருஷத்துல எல்லாரும் வேலை செஞ்ச மணி நேரத்தைக் கூட்டி 2,080ஆல (ஒரு ஃபுல் டைம் ஆளோட வருஷ மணி நேரம்) வகுக்கணும். ஓனர், மனைவி, அண்ணன் தம்பி, மச்சான் எல்லாரையும் கணக்குல இருந்து எடுத்துடணும், அவங்களுக்குக் கட்டுற பிரீமியத்துக்கும் கிரெடிட் கிடையாது. உங்க மச்சான் போக ஃபுல் டைம் 5, பார்ட் டைம் ஆறு பேரும் சேந்து 3, மொத்தம் 8. பத்துக்குள்ள வர்றதால ஆள் கணக்குல ஒண்ணும் வெட்டு இல்ல. அடுத்தது சராசரி சம்பளம். சட்டத்துல முதல்ல 25,000 டாலர் வரைக்கும் முழு கிரெடிட், 50,000ல பூஜ்யம்னு இருந்துச்சு, அந்த வரம்பு விலைவாசிக்கு ஏத்த மாதிரி வருஷா வருஷம் ஏறும், அதனால இந்த கிரெடிட்டைக் கேக்கற ஃபார்ம் 8941ஓட இந்த வருஷத்து இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்ல பாத்துக்கோங்க. ஒவ்வொருத்தரோட தனிநபர் பிரீமியத்துல பாதியாவது நீங்க கட்டணும், குடும்பத்துக்குக் கட்டணும்னு அவசியம் இல்ல. பிளானும் ஷாப் (SHOP) மார்க்கெட்ப்ளேஸ், அதாவது சின்ன கம்பெனிகளுக்கான அரசு இன்சூரன்ஸ் சந்தையோட பிளானா இருக்கணும், இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க, சில ஊர்ல அந்த பிளானே விக்கிறதில்ல. அதனால கணக்கெல்லாம் போடுறதுக்கு முன்னாடி உங்க கவுண்டில இருக்கான்னு ஹெல்த்கேர் டாட் கவ்ல பாருங்க.

இன்னொண்ணு, இது தொடர்ந்து ரெண்டு வருஷத்துக்கு மட்டும்தான், ஃபார்ம் 8941 முதல் தடவை போட்ட வருஷத்துல இருந்து எண்ணுவாங்க. கட்ட வேண்டிய டாக்ஸுக்கு மேல ரீஃபண்டா வராது, ஆனா மிச்சத்தை அடுத்து வர்ற 20 வருஷம் வரைக்கும் கொண்டு போகலாம்.

ஓஹியோ_அக்கா:
நாங்க டேகேர் நடத்துறோம், எங்களுக்கு ஒரு பைசா வரல. ஏன்னு சொல்றேன், மத்தவங்களுக்கும் உதவும். பத்துக்கு மேல போற ஒவ்வொரு ஆளுக்கும் பதினஞ்சுல ஒரு பங்கு போயிடும், சம்பளம் கூடுறதுக்குத் தனியா ஒரு வெட்டு, ரெண்டையும் கூட்டிக் கழிப்பாங்க. எங்களுக்கு 18 பேர், அதுலயே பாதிக்கு மேல போச்சு, சராசரி சம்பளம் கீழ் வரம்பு மாதிரி ஒன்றரை மடங்கு, அதுல மீதிப் பாதியும் போச்சு. ஸ்டாஃபுக்குக் கொஞ்சம் கௌரவமா சம்பளம் குடுத்தா கிரெடிட் இல்லங்கறது எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான். அப்புறம் 2020ல வந்த இக்ரா (ICHRA) முறைக்குப் போயிட்டோம், ஸ்டாஃபே பிளான் வாங்கிப்பாங்க, மாசா மாசம் ஒரு தொகையை நாங்க வரியில்லாம குடுத்துடறோம்.

தம்பி, ஒண்ணு மட்டும் கேளுங்க. உங்க ஆளுங்கள்ல யாராவது ஏற்கெனவே அரசு மானியத்தோட தனியா வாங்கின மார்க்கெட்ப்ளேஸ் பிளான் வச்சிருந்தா, நீங்க கட்டுப்படியாகிற பிளான் குடுத்த உடனே அந்த மானியம் நின்னுடும். அவங்ககிட்ட உக்காந்து பேசிட்டு முடிவு பண்ணுங்க.

ஜெர்சி_வாத்தி:
கோயில், தமிழ்ப்பள்ளி மாதிரி லாபமில்லா அமைப்பு நடத்துறவங்க யாராவது இருந்தா: உங்களுக்கு அதிகபட்சம் 35%, ஆனா அது ரீஃபண்டாவே வரும், ஃபார்ம் 990-டி போடணும்.

டல்லஸ்_டிபன்:
ரொம்ப நன்றி. பார்ட் டைம்ல ஒருத்தன் என் சித்தப்பா பையன், அவனையும் எடுத்துடணுமா? அப்புறம் அந்தப் பசங்கள்ல பாதிப் பேர் இன்சூரன்ஸ் வேணாம்னு சொன்னா?

கணக்குப்புள்ள:
சித்தப்பா பையன் உங்க வீட்லயே உங்களை நம்பி இருக்கற டிபெண்டென்ட்டா இல்லன்னா கணக்குல வருவான். சித்தப்பாவே வேலை செஞ்சாதான் எடுக்கணும். பார்ட் டைம் ஆளுங்களுக்கு பிளான் குடுத்தே ஆகணும்னு இல்ல. ஃபுல் டைம் ஆளுங்கள்லதான் பொதுவா 70% பேர் சேரணும்னு கேப்பாங்க, உங்க டெக்சாஸ்ல 75%, வேற இன்சூரன்ஸ் இருக்கறவங்களால அந்தக் கணக்கு குறையாது. அப்படியும் எட்டலன்னா நவம்பர் 15ல இருந்து டிசம்பர் 15க்குள்ள அப்ளை பண்ணுங்க, அந்த ஒரு மாசம் இந்த விதி கிடையாது.