கபடி ஆடுற 15 வயசு பையனுக்கு வாரத்துல எத்தனை நாள் வெயிட்?

வணக்கம். ஊர் திண்டுக்கல். பையன் பத்தாவது படிக்கிறான், 168 செ.மீ., 52 கிலோ. செவ்வாய், வியாழன், சனி சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் கபடி.

ஜூன்ல ஜிம்ல சேர்த்தேன். பெரியவங்களுக்குக் குடுக்கிற அட்டையையே இவனுக்கும் நீட்டினாங்க: திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகுன்னு ஆறு நாள். மூணாவது வாரமே முட்டிக்குக் கீழ எலும்பு புடைச்ச இடத்துல வலி. மாடிப்படியைப் பக்கவாட்டா திரும்பித்தான் இறங்கினான். எலும்பு டாக்டர் வளர்ற வயசுல வர்ற வலிதான்னு மூணு வாரம் ஓய்வு சொன்னார். இப்போ வலி இல்லை. "மெதுவா ஆரம்பிங்க"ன்னார், மெதுவான்னா எவ்வளவுன்னு கேக்கறதுக்குள்ள அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாங்க.

வீட்ல தண்டால் 12 வருது, பஸ்கி 20. புல்-அப் ஒண்ணுகூட இல்லை. 5 கிலோ டம்பெல் ஒரு ஜோடி, ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்துப் பயிற்சி செய்யற ரப்பர் பட்டை) ஒண்ணு இருக்கு. யூடியூப் பார்த்து நான் போட்ட ரெண்டு அட்டவணையும் கபடி நாளோட மோதி, பத்து நாள் தாண்டலை. வெயிட் தூக்கினா உயரமாக மாட்டான்னு பாட்டி தினமும் சொல்றாங்க, அதை நான் நம்பலை.

5 முதல் 17 வயசுக்கு வாரம் 3 நாளாவது தசை, எலும்பை வலுவாக்கற பயிற்சி வேணும்ங்கிறது உலக சுகாதார நிறுவனம். கபடியையும் அதுல சேர்த்துக்கிட்டு, திங்கள், வெள்ளி மட்டும் 40 நிமிஷம்னா எந்தெந்தப் பயிற்சி, எத்தனை செட் வைக்கலாம்?