மறு: சுரவரிசை ஜெனரேட்டருக்கு 'ஈனி' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எந்த அடிப்படை இடைவெளிகளைத் திரும்பத் திரும்ப அடுக்கி ஒரு சுரவரிசை பிறக்கிறதோ, அவற்றைத்தான் ஜெனரேட்டர் (generator) என்கிறோம். அதற்கு 'ஈனி' வேண்டாம், 'பிறப்பாக்கி' போதும் என்ற கருத்துக்கு இது பதில். 'பிறப்பாக்கி' கணிதத்தில் புழங்குகிற சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே அது தனியாக நிற்காது, முன்னால் எத்தனை ஜெனரேட்டர் என்று ஓர் எண் வந்து ஒட்டும். 'இருபிறப்பாக்கிச் சுரவரிசை' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'பிறப்பி' என்று சுருக்கினாலோ அந்தணரைக் குறிக்கும் 'இருபிறப்பாளர்' குறுக்கே வந்து நிற்கிறார். 'ஈனி' என்றால் ஓரீனி, ஈரீனி, மூவீனி என்று புணர்ச்சி தானாக அமைகிறது.

எதை எண்ணுவது என்பதில்தான் நிஜமான சிக்கல். தாரத்தில் உழை தோன்றும், உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை என்று, ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களை வைத்துப் பழைய வெண்பா ஒன்று சொல்லும். ஏழு சுரமும் இளி உறவிலேயே (ச-விலிருந்து ப), அதாவது அதிர்வெண் 3/2 மடங்காகும் பாய்ச்சலிலேயே, பிறந்துவிடுகின்றன. அப்படியானால் ஈனி ஒன்றுதானே என்று சிலர் கேட்பார்கள். இல்லை. மேலே ஓடிப்போன சுரத்தை 2/1ஆல் கீழே இறக்கி ஒரே ஸ்தாயிக்குள் (ச-விலிருந்து மேல் ச வரை) கொண்டுவருகிறோமே, அதையும் எண்ண வேண்டும். 3/2-ஐயே அடுக்கும் கிரேக்கப் பித்தாகரசு (Pythagoras) முறையும் இப்படித்தான், இரண்டும் ஈரீனி.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும்? நாலு இளி ஏறி இரண்டு ஸ்தாயி இறங்கினால் கிடைக்கும் காந்தாரம் 81/64, ஏறக்குறைய 408 செண்ட் (ஒரு ஸ்தாயிக்கு 1200 செண்ட்). இயற்கைக் காந்தாரம் 5/4, 386 செண்ட். இரண்டையும் வேறாகவே வைத்துக்கொள்ள 2, 3, 5 என்ற பகா எண்கள் மூன்றும் வேண்டும், அது மூவீனி. இடையிலுள்ள 81/80 என்ற கமாவை (சிறு வித்தியாசத்தை) இல்லாமல் ஆக்கினால் ஐரோப்பாவின் மீன்டோன் (meantone) சுருதிமுறை; ஈனி இரண்டாகக் குறைகிறது. அதில் பன்னிரண்டு இளிகளை ஏழு ஸ்தாயிகளோடு பொருத்தி வட்டத்தையும் மூடிவிட்டால், அதாவது அங்கே மிஞ்சும் இன்னொரு கமாவையும் இல்லாமல் ஆக்கினால், ஆர்மோனியத்தின் 100 செண்ட் படி ஒன்றே மிச்சம். ஓரீனி. கமா ஒன்று போனால் ஈனி ஒன்று போகும். ஸ்தாயியை விட்டு எண்ணினால் ஆர்மோனியம் பூச்சியத்தில் வந்து நிற்கும்.

அப்புறம், இந்த எண்ணிக்கைக்கு கணிதத்தின் அணிகள் (matrix) பாடத்திலிருந்து 'தரம்' (rank) என்ற சொல்லை எடுக்க வேண்டாம். 'முதல் தரச் சுரவரிசை' என்றால் வித்வான்கள் வேறுவிதமாகச் சந்தோஷப்படுவார்கள். 'ஈனியெண்' போதும்.

கமாவை இல்லாமல் ஆக்கும் செயலுக்குத் தற்காலிகமாகத் 'தணித்தல்' என்று எழுதி வருகிறேன். எனக்கே அது முழுத் திருப்தியில்லை. காய்ச்சல் மருந்து மாதிரி இருக்கிறது. வேறு சொல் தோன்றினால் இந்த இழையிலேயே போடுங்கள்.