கேக்கிற்கான பரங்கி விழுது நீர்த்துப் போகாமல் எடுப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். கேக் செய்வதற்கான பரங்கிக்காய் விழுதை வீட்டிலேயே எடுத்துப் பார்த்தேன். இரண்டு முறையும் கேக்கின் நடுப்பகுதி வேகவில்லை. காயைத் தோல் சீவித் துண்டுகளாக்கி, அவை மூழ்கும் அளவு தண்ணீரில் 20 நிமிடம் வேகவைத்து, வடித்து, ஆறியதும் மிக்சியில் அரைத்தேன். குறிப்பில் ஒரு கோப்பை, அதாவது ஏறத்தாழ 245 கிராம் விழுது சேர்க்கச் சொல்லியிருந்ததால் தராசில் நிறுத்தே சேர்த்தேன். 180 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தும், நடுவில் குத்திய கத்தி ஈரமாகவே வந்தது. மேலும் 20 நிமிடம் விட்டதில் மேல்புறம் கருகத் தொடங்கியதே தவிர, அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குப் பசை போன்ற அடுக்கு அப்படியே நின்றுவிட்டது. டப்பாவில் விற்கும் விழுதைக் கொண்டு இதே குறிப்பின்படி செய்தபோது இந்தச் சிக்கல் வரவில்லை. மாவைக் கூட்ட வேண்டுமா, அல்லது விழுது எடுக்கும் முறையிலேயே பிழை இருக்கிறதா?

மறுமொழி 1

மாவில் கை வைக்காதீர்கள். மாவைக் கூட்டினால் ஈரம் அடங்கலாம், ஆனால் கேக் கனத்துப்போய்ச் சுவையும் மங்கிவிடும். பச்சைப் பரங்கியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். அதைத் துண்டுகளாக்கித் தண்ணீரிலேயே வேகவைக்கும்போது, உள்ளிருக்கும் நீர் போகாமல் இருப்பதோடு வெளித் தண்ணீரும் சதைக்குள் ஏறிவிடுகிறது. நீங்கள் நிறுத்த 245 கிராமில் விழுதைவிட நீரே அதிகம் இருந்திருக்கும்.

ஓவனிலேயே சுட்டெடுத்துப் பாருங்கள். ஒன்றரை முதல் இரண்டு கிலோவுக்குள் இருக்கும் கனமான சிறு காயாகத் தேர்ந்தெடுங்கள். மிகப் பெரிய காய்களில் நாரும் நீரும் மிகுதி, இனிப்போ குறைவு. காயை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, விதைகளையும் நாரையும் கரண்டியால் வழித்துவிட்டு, வெட்டிய பக்கம் கீழே இருக்குமாறு தட்டில் கவிழ்த்து, 200 டிகிரியில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை வையுங்கள். தோலின் மேல் விரலால் அழுத்தினால் குழிந்து உள்ளே போக வேண்டும். கத்தி தடையின்றி இறங்கினால் மட்டும் போதாது. தோல் சீவும் வேலையே இல்லை, ஆறியதும் சதை தானே கழன்று வரும். தட்டில் தேங்கும் சாற்றை விழுதோடு வழித்துப் போட்டுவிடாதீர்கள். நான் முதல் தடவை வீணாக்கக் கூடாதென்று எண்ணி அதைத்தான் செய்தேன்.

அரைத்த விழுதை, மெல்லிய பருத்தித் துணி விரித்த வடிகட்டியில் கொட்டி இரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்தால், வைத்த வடிவத்திலேயே குவியலாக நிற்க வேண்டும். ஓரத்தில் நீர் வளையம் கசிந்தால் இன்னும் வடிய வேண்டும் என்று பொருள்.

மறுமொழி 2

முன்னவர் சொன்னதில் சுடுவது வரை உடன்படுகிறேன். ஆனால் வடிகட்டுவதில் எனக்கு விருப்பமில்லை, ஏனெனில் வடியும் அந்த மஞ்சள் நீரில் காயின் இனிப்பும் சேர்ந்தே போய்விடுகிறது. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரியும். அதற்குப் பதிலாக, அகலமான அடிகனத்த பாத்திரத்தில் விழுதைப் போட்டு, மிதமான தீயில் அடிப்பிடிக்காமல் கிளறி நீரை வற்றவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிறம் ஒரு படி அடர்ந்து, கரண்டியால் இழுத்த கோடு சட்டென மூடாமல் பாத்திரத்தின் அடி தெரியும்; அதுதான் பதம். விழுது குமிழ்விட்டுத் தெறிக்கும், தெறித்தது தோலில் ஒட்டிக்கொண்டே சுடும் என்பதால் நீண்ட பிடியுள்ள கரண்டியைப் பயன்படுத்துங்கள். சூட்டோடு முட்டையில் கலந்துவிடாமல் முழுவதும் ஆறவிடுவதும் முக்கியம்.

ஓவனில் சுட நேரமில்லையென்றால் ஆவியில் வேகவைத்தும் இதே போல வற்றவைக்கலாம். டப்பா விழுதோடு ஒப்பிடும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க டப்பாக்களில் பெரும்பாலும் வருவது டிக்கின்சன் என்னும் வகை. வெளிறிய பழுப்புத் தோலும் கெட்டியான சதையும் கொண்ட அது, பட்டர்நட் பரங்கியின் இனத்தைச் சேர்ந்தது. ஆகவே பட்டர்நட் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம், நாரும் குறைவு.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. காயைச் சுட்டு, அரைத்து, பாதியை வடிகட்டியும் பாதியை வற்றவைத்தும் பார்த்தேன். 500 கிராம் விழுதைத் துணியில் விட்டதில் கிண்ணத்தில் 130 கிராம் நீர் சேர்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான், முன்பு கேக்கில் எதைக் கொட்டியிருக்கிறேன் என்பது புரிந்தது. வற்றவைத்த விழுதைச் சேர்த்த கேக் 65 நிமிடத்தில் வெந்துவிட்டது, சுவையும் ஒரு படி மேல். விழுது மீதமிருக்கிறது, கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிநீரில் வைத்தால் வெளியிலேயே பல மாதம் இருக்கும் என்று ஒருவர் சொன்னார், அப்படிச் செய்யலாமா?

மறுமொழி 3

தயவுசெய்து செய்யாதீர்கள். பரங்கியில் புளிப்பு மிகக் குறைவு. காற்றுப் புகாத புட்டிக்குள் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரி வளர்ந்து நஞ்சை உண்டாக்க அது ஏற்ற இடம். கொதிநீரின் சூட்டுக்கு அதன் வித்துகள் அழியாது. விழுது கெட்டியாக இருப்பதால் பிரஷர் குக்கரிலும் சூடு நடுப்பகுதி வரை ஒரே சீராகச் சென்று சேரும் என்று நம்ப முடியாது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் பதப்படுத்தல் வழிகாட்டியும் பரங்கியை மசித்து அடைக்கக் கூடாது என்றே சொல்கிறது.

ஃப்ரீசர்தான் வழி. ஒரு கேக்கிற்கு வேண்டிய 245 கிராமைத் தனித்தனிப் பைகளில் நிறுத்துப் போட்டு, தட்டையாக அழுத்திக் காற்றை வெளியேற்றி, எடையையும் தேதியையும் எழுதி உறையவையுங்கள். சில மாதங்கள் வரை நன்றாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று நான்கு நாள்தான். உறைந்தது இளகும்போது மறுபடியும் சிறிது நீர் பிரியும் என்பதால், அதை வடித்துவிட்டு மீண்டும் நிறுத்துப் பாருங்கள்.

ஒன்றைக் கேளாமலே சொல்கிறேன்: சுட்ட சதையை அரைக்கும் முன் ஒரு துளி சுவைத்துப் பாருங்கள். காய் கசந்தால் அதில் குகர்பிட்டசின் என்னும் நச்சுப் பொருள் மிகுந்திருக்கிறது. வேகவைத்தாலும் அது போகாது, சர்க்கரை சேர்த்து மறைக்கவும் கூடாது. துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள்.